தோட்ட ஆபீஸ் மெயில் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வரவில்லை. அவசரம்!

குட்டிக்கிராணி: வணக்கம். ஆபீஸ் மெயிலைத் திறந்தால் சில நேரம் ‘சர்வரில் இணைய முடியவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து தானாகவே சரியாகிறது. பாஸ்வேர்ட் சரிதான். சாயந்தரத்துக்குள் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பட்டியல்) தலைமை ஆபீசுக்குப் போயாக வேண்டும். என்ன செய்வது?

மழைக்காகம்: எந்த ஊர்? மழையா அங்கே? இடி இடித்தால் மோடம் திணறும். எங்கள் தோட்டத்தில் இரண்டு மோடம் கருகிவிட்டது.

பழைய_ஆள்: எந்த மென்பொருள், மெயில் எடுக்கும் முறை ஐமேப்-ஆ பாப்-ஆ, எந்த போர்ட் எண்? ஒன்றையும் சொல்லாமல் ‘அவசரம்’ என்றால் இங்கே யாரும் மை போட்டுப் பார்ப்பதில்லை. முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள்.

குட்டிக்கிராணி: மன்னிக்கவும் ஐயா. தண்டர்பேர்ட், ஐமேப், 993. ஊர் சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா. மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது.

லூனாஸ்_தம்பி: ஆன்டிவைரஸை நிறுத்திப் பாருங்கள். எனக்கு அதுதான் மெயிலை நடுவில் புகுந்து சோதித்துக் கெடுத்தது.

ஆத்தோரம்: பெஸ்தாரி ஜெயாவாம்! பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால் வாய் வலிக்குமா தம்பி?

லூனாஸ்_தம்பி: 2007லேயே பெயர் மாறிவிட்டது அண்ணே.

ஆத்தோரம்: பெயர்ப்பலகையில் மாறியது. பஸ்ஸில் எங்கள் அம்மா இன்னும் பத்தாங் என்றுதான் டிக்கெட் கேட்கிறார்.

பழைய_ஆள்: ஊர்ப் பஞ்சாயத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீனா_கே: தம்பி, அனுப்புவதும் நிற்கிறதா, வருவது மட்டுமா? எந்த நேரத்தில் அதிகம்? அதே மெயில் முகவரி எத்தனை கணினியில் இருக்கிறது?

குட்டிக்கிராணி: அக்கா, அனுப்பினால் ‘சென்ட்’டில் சேமிக்க முடியவில்லை என்கிறது. போகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒரே செக்ரோல் மூன்று தடவை வந்திருக்கிறது என்று அங்கே திட்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த கையோடும், மூன்று மணிக்கு மேலும்தான் தொல்லை. பசியாறிவிட்டு வந்தால் நன்றாக ஓடும். கணினி மூன்று, குமாஸ்தாக்கள் எங்களுக்கு ஆளுக்கொன்று: நான், பெரிய கிராணி, வெளிக்காட்டுக் கிராணி. வெளிக்காட்டுக் கிராணி மடிக்கணினியைத் தோட்டக் காட்டுக்கே எடுத்துப் போய்விடுவார்.

மீனா_கே: அவர் காட்டில் இருக்கும்போது நன்றாக ஓடுகிறது, அப்படித்தானே? அந்தப் பெட்டியில் இரண்டாவது வரி என்ன?

குட்டிக்கிராணி: படிக்காமலே மூடிவிடுவேன். இருங்கள்… இணைப்புகளின் எண்ணிக்கை அளவை மீறியிருக்கலாம் என்று இருக்கிறது.

மீனா_கே: அதேதான். தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு 5 இணைப்பு வரை திறந்து வைத்துக்கொள்ளும். கோப்புறைகளைச் சொடுக்கச் சொடுக்கக் கூடும், அதனால்தான் விட்டு விட்டு வருகிறது. மூன்று கணினியும் ஒரே மோடம் வழியாகப் போவதால் சர்வருக்கு எல்லாம் ஒரே இணைய முகவரி, அதாவது ஒரே ஐபி. உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள் டவ்காட் என்றால், யாரும் மாற்றாதவரை ஒரு பயனருக்கு ஒரு ஐபியிலிருந்து 10 இணைப்புதான். இரண்டு கணினி 10, சரி. மூன்றாவது வந்தால் 15. கணக்கு அமைப்பு, சர்வர் அமைப்பு, ‘அட்வான்ஸ்ட்’ என்று போய் அந்த 5ஐ 2 ஆக்குங்கள். மூன்றிலும். அப்புறம் தண்டர்பேர்டை மூடித் திறக்க வேண்டும்.

மழைக்காகம்: அப்போ மழைக்குச் சம்பந்தமே இல்லையா?

மீனா_கே: கொஞ்சம் உண்டு. லைன் பட்டென்று அறுந்தால் சர்வருக்கு அது தெரியாது. பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்து அரை மணி நேரம்கூட எண்ணிக்கையில் வைத்திருக்கும்.

மழைக்காகம்: நான் சொன்னேன்ல!

பழைய_ஆள்: நீங்கள் சொன்னது மோடம் கருகிய கதை. ஒரே பாஸ்வேர்டை மூன்று பேர் வைத்திருப்பதே தப்பு, அதை யாரும் கேட்கவில்லை.

குட்டிக்கிராணி: இரண்டு நாளாகப் பெட்டி வரவில்லை. நன்றி அக்கா. பெரிய கிராணி மட்டும் தன் கணினியில் கைவைக்க விடவில்லை.

மீனா_கே: 5, 2, 2. மொத்தம் 9. பத்துக்கு ஒன்றுதான் மிச்சம், அதனால் கைப்பேசி மெயிலை ஆபீஸ் வைஃபையில் திறக்காதீர்கள்.