மறு: ‘ஏரில்’ – சுளையா, விதைச்சதையா, பத்திரியா?

வணக்கம் ஐயா,

சில விதைகளைப் போர்த்தியிருக்கும் ‘ஏரில்’ (aril) என்ற பகுதிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்.

> எல்லோருக்கும் தெரிந்த ‘சுளை’ என்ற சொல்லையே வைத்துவிடலாமே?

தெரிந்த சொல்தான், சிக்கலும் அங்கேதான். பலாச்சுளை என்பது ஒரு பூவின் இதழ்வட்டம் சதைப்பற்றாகி விதையைச் சூழ்ந்தது. ஆரஞ்சுச் சுளை சூலகத்தின் ஓர் அறை. டுரியான் சுளைதான் உண்மையில் ஏரில், அதாவது விதையின் காம்புப் பக்கத்திலிருந்து வளர்ந்து விதையைப் போர்த்துவது. மூன்றையும் சுளை என்றால், நாம் பேச வந்த வெடிப்பலா என்ற காட்டு மரத்திலேயே மாட்டிக்கொள்வோம்.

அந்த மரத்தின் அறிவியல் பெயர் குல்லீனியா எக்ஸாரில்லாட்டா. ‘ஏரில் இல்லாதது’ என்பதுதான் ‘எக்ஸாரில்லாட்டா’ என்ற இனப்பெயரின் பொருள். இலங்கையிலுள்ள குல்லீனியா சிலானிக்காவையும் இதையும் முன்பு ஒரே இனமாக வைத்திருந்தார்கள். 1970இல் ராபின்ஸ் என்ற பெல்ஜியத் தாவரவியலாளர் இதைத் தனி இனமாகப் பிரித்தார். இலங்கை மரத்தின் விதைக்கு ஏரில் உண்டு, களக்காடு, ஆனைமலை மழைக்காடுகளில் நிற்கும் மரத்துக்கு இல்லை. ‘சுளையில்லா வெடிப்பலா’ என்று எழுதினால் படிப்பவர் பலாவைத்தான் நினைப்பார்.

பலாவுக்கும் இதற்கும் காயின் முள்ளைத் தவிர ஒட்டுறவு கிடையாது. பலா, ஆல் அத்தி குடும்பம். வெடிப்பலாவை முதலில் இலவமரக் குடும்பத்தில் வைத்தார்கள். அப்புறம் அந்தக் குடும்பமே செம்பருத்திக் குடும்பத்துக்குள் போய்விட்டது. இன்றைக்கு வலம்புரிக்காய் இருக்கும் துணைக்குடும்பத்தில், டுரியானுக்கு நெருங்கிய உறவாக இருக்கிறது. இலையைத் திருப்பினால் அடிப்புறம் முழுக்கப் பழுப்பு மினுமினுப்பாகச் செதில்கள். பூக்கள் கிளையிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும், அல்லியிதழே இருக்காது. சோலைமந்திகளுக்கு அந்தப் பூவும் முற்றாத விதையும் முக்கியமான தீனி.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘விதையுறை’ ஏற்கெனவே பாடநூலில் வேறு பகுதிக்கு, அதாவது விதையின் தோலுக்குப் போய்விட்டது. ‘விதைச்சதை’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏரில் எல்லாம் சதை இல்லை. ஜாதிக்காய்ப் பழத்தைப் பிளந்தால் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை பின்னியிருக்கும். காய்ந்தால் தோல் துண்டு மாதிரி ஆகிவிடும். அதுவும் ஏரில்தான். மளிகைக் கடையில் அதன் பெயர் ஜாதிபத்திரி. ஆக, ஓர் ஏரிலுக்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. அதைப் பொதுப்பெயராக்கிப் ‘பத்திரி’ என்று வைக்கலாம் என்பது என் கட்சி. எக்ஸாரில்லாட்டா ‘பத்திரியற்ற வெடிப்பலா’ ஆகும். கொடுக்காப்புளியில் நாம் தின்னும் வெள்ளைப் பகுதியும் பத்திரி. இருவாட்சிப் பறவை விழுங்கும் காட்டு ஜாதிக்காயின் சிவப்பும் பத்திரி.

> பத்திரி வடசொல். இலை என்றல்லவா பொருள்?

வேர் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரியாணிக்கு ஜாதிபத்திரி வாங்குகிற யாரும் இலை கேட்பதில்லை. தனித்தமிழில் இதே துல்லியத்தோடு ஒரு சொல் வந்தால் முதல் ஆளாக ஏற்றுக்கொள்வேன். ‘விதைப்போர்வை’ எனக்கு விதையுறையின் மறுபெயராகவே படுகிறது.

மாதுளை முத்தை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே விதையுறையின் வெளிப்பக்கமே சாறு கட்டி நிற்கிறது. அதற்குச் ‘சதையுறை’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.