உங்களைச் சுத்தலில் விட்ட இம்போர்ட் எது? (இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இழுக்கும் ‘சர்குலர் இம்போர்ட்’ கதைகள் மட்டும்.)

ராக்கோழி:
ஃபிளாஸ்க் ஆப், அதாவது பைத்தான் வெப் ஆப். மாடல்ஸ் கோப்பு ஆப்பிலிருந்து டிபியை (டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்) எடுக்கிறது, ஆப் கோப்பு மாடல்ஸிலிருந்து யூசரை எடுக்கிறது. பழைய கதைதான். எனக்கு இன்னும் உறுத்துவது, அது எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது! மாடல்ஸை இழுக்கும் வரி, டிபியை உருவாக்கும் வரிக்குக் கீழே இருந்ததால் தப்பித்துக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ‘இந்த வரி ஏன் நடுவில் அநாதையாகக் கிடக்கிறது?’ என்று மேலே தூக்கி வைத்தேன். சர்வர் எழுந்திருக்கவே இல்லை. லாகில் ‘பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்’, அதாவது பாதி ஏறிய கோப்பு. மாற்றியது ஒரே ஒரு வரி என்றால் யார் நம்புகிறார்கள்?

மூன்றாம்பிறை:
பைத்தான் 3.8-லிருந்து அந்தப் பிழைச் செய்தியே ‘சர்குலர் இம்போர்ட்டாக இருக்கலாம்’ என்று காட்டிக்கொடுக்கிறது. கொடுத்துவைத்தவர் நீங்கள். எங்கள் நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) வாயே திறக்கவில்லை. ஆர்டர், பேமென்ட் என்று இரண்டு கோப்புகள், ஒன்றையொன்று ரிக்வயர் (நோட்டின் இம்போர்ட்) செய்தவை. சர்வர் ஜம்மென்று எழுந்தது. முதல் பணம் வந்தபோதுதான் ‘இஸ் நாட் எ ஃபங்ஷன்’. டெஸ்ட்டெல்லாம் பச்சை! டெஸ்ட் பேமென்ட்டை முதலில் ஏற்றியது, சர்வர் ஆர்டரை முதலில் ஏற்றியது; வித்தியாசம் அவ்வளவுதான். நடுராத்திரியில் பேமென்ட் கோப்புக்குள் ஆர்டரை அச்சிட்டுப் பார்த்தேன். வெறும் {}, ஆர்டர் ஏறி முடிவதற்குள் எடுத்த காலி ஆப்ஜெக்ட். அந்த இரண்டு அடைப்பைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

குட்டிச்சாத்தான்:
இதற்கு இவ்வளவு அலட்டலா? ஃபங்ஷனுக்குள் இம்போர்ட்டைப் போடுங்கள், முடிந்தது.

நூல்கண்டு:
குட்டிச்சாத்தான், முடியவில்லை. நானும் அப்படி ஒளித்து வைத்தேன். ஃபங்ஷன் ஓடிய அன்றைக்கு வெடித்தது. என் கதை அவ்வளவே. ராக்கோழி, டிபியை மட்டும் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று தனிக் கோப்பில் வையுங்கள். ஆப்பும் மாடல்ஸும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும், ஆப் உருவான பிறகு டிபியை அதோடு இணைக்க இனிட்_ஆப் கூப்பிடுங்கள். டைப் ஹின்ட்டுக்காக (எது என்ன வகை என்ற குறிப்பு) மட்டும் இம்போர்ட் என்றால் டைப்_செக்கிங் நிபந்தனைக்குள் போடுங்கள், ஓடும்போது அந்தப் பக்கமே போகாது. ஹின்ட்டை மேற்கோளுக்குள் எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பைத்தான் 3.13 வரை நேம்எரர் வரும். ஜாங்கோவில் (இன்னொரு பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) ஃபாரின்கீக்கு (வேறொரு மாடலைச் சுட்டும் ஃபீல்டு) கிளாஸைக் கொடுக்காமல் ஆப் பெயர், புள்ளி, மாடல் பெயர் என்று ஸ்ட்ரிங்காகக் கொடுத்தாலே போதும். அப்புறம் நோட்காரருக்கு...

ராக்கோழி:
ஐயா, நான் வழி கேட்கவில்லை :) எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்பு அந்தத் திங்கட்கிழமையே வந்துவிட்டது. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வரியைக் கீழே வைத்தது யார் என்று பழைய கமிட்டுகளை, அதாவது மாற்றப் பதிவுகளைத் தோண்டினேன். ‘கீழே தள்ளினேன், ஓடுகிறது, ஏன் என்று தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. பெயர் என்னுடையது.