நாயனக்காரரை நீர்வண்ணத்தில் வரைந்த காலை

திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் பலரும் பஞ்சரத்னக் கீர்த்தனைகளுக்காக வருவார்கள். எனக்கு அதற்கு முந்தைய மங்கல இசைதான் முக்கியம். நாயனமும் தவிலும் முழங்கத் தொடங்குமுன் காவிரிக்கரைப் பந்தலில் ஓரமாக இடம் பிடித்துவிடுவேன். மடியில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள், சின்ன வண்ணப்பெட்டி, தூரிகைகள்.

தை மாசத்துப் பனியில் தாள் லேசில் காயாது. அந்த ஈரத்தையே தவில்காரரின் வலது கைக்குப் பயன்படுத்திக்கொண்டேன். கூடு மாட்டிய விரல்கள் பறக்கிற வேகத்துக்குக் கோடு போட முடியாது. ஈரத்தில் வண்ணத்தைக் கசியவிட்டால் அந்த வேகம் தானாக வந்துவிடும். இடது கையில் பூவரசங்கழி. அதை மட்டும் காய்ந்த தாளில் கூர்மையாக இழுத்தேன்.

நாயனக்காரர் பெரியவர். நல்ல கறுப்பு. நம் ஊர் நிறத்துக்குப் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்போடு அல்ட்ராமரைன் நீலம் சேர்த்தால்தான் உயிர் வரும். கறுப்பு வண்ணத்தை நேரே வைத்தால் முகம் செத்துவிடும், தயவுசெய்து வைக்காதீர்கள். நெற்றியில் விபூதிப்பட்டைக்கு வெள்ளை தொடவில்லை. சுற்றிலும் நிறம் போட்டுத் தாளின் வெண்மையை அப்படியே விட்டேன்.

வாசிப்பு முடிந்ததும், "தம்பி, இங்க கொண்டாங்க பாப்போம்" என்றார். தன் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. நாயனத்தில் தொங்குகிற சீவாளிக் கொத்திலேயே கண் நின்றது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்கிற ஊசியும் சேர்ந்த கொத்து அது.

"ஊசியக்கூட விடலையே! எல்லாரும் குழல வரைவாங்க, இத யாரும் பாக்கறதில்ல."

ஒரு சீவாளியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கொறுக்கைத் தட்டையில் செய்தது, நகத்தளவு கனம்கூட இல்லை. "இது சொன்னபடி கேட்டாத்தான் மத்ததெல்லாம்" என்றார். தாளின் மூலையில் அதைத் தனியாக வரைந்தேன். முகத்துக்கு அசையாமல் இருக்காதவர், இதற்கு அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதில்:
அண்ணா, நான் சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் வரைகிறேன். பாடகர் கை ஓரிடத்தில் நிற்காது, மிருதங்கக்காரரைக் கேட்கவே வேண்டாம். அதனால் தம்பூரா போடுகிறவரைத்தான் பிடித்துக்கொள்வேன். மேடையில் அசையாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் பாட்டு முழுக்க அந்த முகத்தில் ஓடும். ஓவியர் எஸ். ராஜம் வரைந்த சங்கீத மும்மூர்த்திகள் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தானே பாடகர் என்பதால்தான் தம்பூராவைப் பிடிக்கிற விரல் அவருக்கு அப்படி வந்தது என்று எனக்குத் தோன்றும். நிற்க, நாயனக்காரர் படத்தை என்ன செய்தீர்கள்?

பதில்:
அவரிடமே கொடுத்துவிட்டேன் தம்பி. என்னிடம் போனில் எடுத்த படம்தான் இருக்கிறது. தவில்காரர், "எனக்கும் ஒண்ணு" என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஆராதனைக்கு அவரைத்தான் பெரிதாக வரையப் போகிறேன்.