மண் டிராக்ல 10.9, சிந்தெடிக்ல 11.41: அரை செகண்டு எங்க போச்சு?

லேன்எட்டு_தம்பி:

வணக்கம், நான் பி.காம் ரெண்டாவது வருஷம், புதுக்கோட்டை பக்கம். 100 மீட்டர் ஓடுவேன், 4x100 ரிலேல மூணாவது ஆளு. எங்க காலேஜ்ல மண் கிரவுண்டு தான், மழை பெஞ்சா ரெண்டு நாளைக்கு சுண்ணாம்பு கோடு கூட நிக்காது, ஆனா அதுலயே எங்க பி.இ. சார் வாட்ச்ல ரெண்டு தடவ 10.9 ஓடிருக்கேன். மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடிட்டே இருந்துச்சு, 2025ல அனிமேஷ் குஜூர் கிரீஸ்ல போட்ட நேஷனல் ரெக்கார்டு 10.18, நமக்கு இன்னும் 0.7 தானேன்னு. சிரிக்காதீங்க.

போன மாசம் யுனிவர்சிட்டி மீட். மொத தடவையா சிந்தெடிக் டிராக், மொத தடவையா எலக்ட்ரானிக் டைமிங். ஓட்டத்துக்கு முன்னாடி ஆளுங்கள கூப்பிட்டு செக் பண்ற கால் ரூம்லயே ஷூவ திருப்பிப் பாத்துட்டு ஆணிய மாத்துன்னுட்டாங்க. மண்ணுக்கு போடுற 12 எம்.எம். ஆணி, சிந்தெடிக்ல 9க்கு மேல கூடாதாம், எனக்கு சத்தியமா தெரியாது. வேற காலேஜ் அண்ணன் ஒருத்தர் ஸ்பேனரும் 6 எம்.எம். ஆணியும் குடுத்தாரு, அதுல ரெண்டு பழைய ஆணி துருப்புடிச்சு சுத்தவே மாட்டேங்குது, கட்டிங் பிளேயர் வச்சு புடுங்குனதுல ஒண்ணோட மரை போயிருச்சு, அந்த ஓட்டை காலியாவே ஓடுனேன். ஸ்டார்ட்ல கால ஊனித் தள்ளுற பிளாக்க எவ்ளோ தள்ளி வைக்கணும்னு பக்கத்து லேன் பையனப் பாத்து வச்சேன். செட் சொன்னதும் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆயிடுமோன்னு பயம், எட்டு பேர்ல நான் தான் கடைசியா எந்திரிச்சேன். காத்து மைனஸ் 0.6, அதாவது லேசா எதிர்க்காத்து. போர்டுல 11.41, ஹீட்ஸ்ல ஆறாவது.

சார் டென்ஷன்டான்னு முடிச்சுட்டாரு. டென்ஷன்ல அரை செகண்டு போகுமா? இல்ல நான் ஓடுனதே 10.9 இல்லையா? கூட இருக்கவங்க 400க்கு மாறுங்குறாங்க, வீட்ல ஓட்டமே வேணாங்குறாங்க, ரெண்டு அரியர் வேற நிக்குது.

பழையஸ்பைக்ஸ்:

தம்பி ஒரே ஒரு கேள்வி. உங்க கிரவுண்டுல ஸ்டார்ட் யாரு குடுப்பா, சார் எங்க நிப்பாரு?

லேன்எட்டு_தம்பி:

ஃப்ரெண்டு ஒருத்தன் ஸ்டார்ட்டிங்ல விசில் அடிப்பாண்ணா. சார் ஃபினிஷிங்ல வாட்ச்சோட நிப்பாரு.

பழையஸ்பைக்ஸ்:

அப்ப உன் அரை செகண்டு காத்துல போயிருக்கு, நெசமாவே காத்துல. விசில் சத்தம் 100 மீட்டர் தாண்டி சார் காதுக்கு வர 0.29 செகண்டு ஆகும், அதுக்குள்ள நீ கிளம்ப ஆரம்பிச்சிருப்ப. சத்தத்த கேட்டு கட்டைவிரல் அமுக்க இன்னொரு 0.2. ஃபினிஷ்ல அந்த லேட் இருக்காது, ஏன்னா நீ வர்றத பாத்துட்டே இருக்காரு, சரியா கோட்டுல அமுக்கிருவாரு, சில பேரு பாசத்துல கோட்டுக்கு முன்னாடியே அமுக்கிருவாங்க. கூட்டிப் பாரு, அரை செகண்டு வருதா?

இதுக்குத்தான் மீட்ல டைம்கீப்பர்ங்க சத்தத்த கேக்க மாட்டாங்க, கன்னோட புகையைத்தான் பாப்பாங்க. அப்பிடி ஒழுங்கா எடுத்த ஹேண்ட் டைமுக்கே 100ல 0.24 சேத்துத்தான் எலக்ட்ரானிக்கோட ஒப்பிடுவாங்க. 1977ல இருந்து 400 வரைக்கும் உலக ரெக்கார்டுக்கு ஹேண்ட் டைமிங்கே எடுத்துக்கறதில்ல. சார் மேல தப்பு சொல்லல, எங்க மாஸ்டரும் அப்பிடித்தான், நானும் ஒரு வருஷம் பூரா 10.8ன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சவன் தான்.

இனிமே விசில் அடிக்கிற பையன் கையில ஒரு வெள்ளத் துண்டு குடு. தூக்கிப் புடிச்சுட்டு, விசில் அடிக்கும்போதே கீழ வீசணும். சார் துண்டப் பாத்து அமுக்கட்டும்.

பிளாக்குக்கு அடுத்தவன பாக்காத, அவன் கால் நீளம் வேற. கோட்டுல இருந்து உன் பாதத்தால ரெண்டு அடி முன் பெடல், மூணு அடி பின் பெடல், அதுல ஆரம்பிச்சு அங்க இங்க நவுத்தி உனக்கு தோதா வச்சுக்கோ. ஃபால்ஸ் ஸ்டார்ட் பயம் நியாயம் தான், 2010ல இருந்து ஒண்ணு போட்டாலே வெளிய. ஆனா சத்தம் கேட்டு 0.1 செகண்டுக்குள்ள கிளம்புனா தான் தப்பு, அவ்ளோ சீக்கிரம் மனுசனால காதுல வாங்கி காலத் தள்ள முடியாதுங்கறது தான் ரூலோட கணக்கு, முன்கூட்டியே ஊகிச்சு குதிக்கிறவன் தான் மாட்டுவான். நீ சத்தத்துக்கு காத்திருந்தா போதும்.

இன்னொண்ணு, ப்ராக்டிஸ்ல டெய்லி எத்தன 100 ஓடுற?

லேன்எட்டு_தம்பி:

பத்து. நடந்து திரும்பி வந்து உடனே அடுத்தது.

பழையஸ்பைக்ஸ்:

அது ஸ்பிரிண்ட் இல்லப்பா, வேகமா ஜாகிங். வாரத்துல ரெண்டு நாள் 30 மீட்டர் மட்டும் ஆறு தடவ, முழு வேகம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூணு நிமிஷம் சும்மா உக்காரு. பாக்குறவங்க சோம்பேறின்னு நெனைப்பாங்க, நெனைக்கட்டும். தொடைக்குப் பின்னாடி சுள்ளுன்னு இழுத்தா அன்னைக்கு ஷூவ கழட்டிரு, இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு ஓடித்தான் நான் என் கடைசி வருஷத்த பெஞ்ச்ல கழிச்சேன்.

நிதர்சனம்77:

11.4ல்லாம் ஒரு டைமா ப்ரோ. பொண்ணுங்களே அத விட வேகமா ஓடுறாங்க. படிப்ப பாருங்க.

மதுரைக்காரி400:

பொண்ணுங்களேன்னா என்னங்க அர்த்தம்? 2021ல பாட்டியாலால நம்ம இந்தியப் பொண்ணு துத்தி சந்த் 100 ஓடுனது 11.17. நீங்க ஒரு 100 ஓடி டைம போடுங்க, அப்புறம் பேசலாம்.

தம்பி, 400க்கு மாறுன்னு யாரு சொன்னாலும் அவங்க 400 ஓடிருக்காங்களான்னு கேளு. 100ல டைம் வரலன்னு தள்ளி விடுற குப்பைத்தொட்டி இல்ல அது. 300 தாண்டுனதும் தொடை கல்லாயிடும், கை மேல வராது, கழுத்து தன்னால பின்னாடி சாயும், ப்ராக்டிஸ்ல 300 மூணு தடவ ஓடிட்டு நான் வாந்தி எடுக்காத வாரம் கம்மி. அது புடிச்சுப்போய் ஓடுறவங்க ஓட்டம். எங்க ஊரு ரேவதி வீரமணி பாட்டி வளத்த பொண்ணு, ஆரம்பத்துல வெறுங்கால்ல ஓடுனவங்க, டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஆணும் பொண்ணும் சேந்து ஓடுற மிக்ஸட் 4x400 ரிலே ஓடுனாங்க, அந்த நாலு பேர்ல அவங்க, சுபா, ஆரோக்கிய ராஜீவ்னு மூணு பேரு தமிழ்நாடு. புடிச்சா வா, டைம் வரலன்னு வராத.

அரியர் விஷயம் தான் எனக்கு கவலை. மீட்டுக்கு போறதுக்கு முன்னாடியே ஓ.டி. லெட்டர்ல, அதான் மீட்டுக்கு போன நாளுக்கு அட்டெண்டன்ஸ் குடுக்கச் சொல்ற லெட்டர்ல, கையெழுத்து வாங்கு, போயிட்டு வந்து கேட்டா எந்த மேடமும் போட மாட்டாங்க. ஜெராக்ஸ் ஒண்ணு உன்கிட்ட வச்சுக்கோ. என் லெட்டர் ஆபீஸ்ல காணாம போயி அட்டெண்டன்ஸ் 75க்கு கீழ இறங்கி, கப்பு வாங்கிட்டு வந்த அதே வாரம் ஃபைன் கட்டுனேன். வீட்ல வாய மூடணும்னா அரியர கிளியர் பண்ணு, வேற வழி கிடையாது.

லேன்எட்டு_தம்பி:

பத்து நாள் கழிச்சு வரேன். துண்டு வச்சு ஓடுனோம். மொத தடவ துண்டு அவன் தோள்லயே மாட்டிக்கிச்சு, ரெண்டாவது தடவ சரியா வந்துச்சு. 11.2. பழையஸ்பைக்ஸ் அண்ணன் சொன்ன 0.24 சேத்தா 11.44, போர்டுல வந்ததுக்கு பக்கத்துல தான் நிக்குது. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல, ரெண்டு வருஷமா 10.9ன்னு சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன்.

சார்கிட்ட சொன்னேன், கோவிச்சுக்குவாருன்னு பாத்தேன். வாட்ச்ச கையில வச்சு உருட்டிக்கிட்டே, "நான் ஓடுன காலத்துல எனக்கு 10.7டா, எங்க மாஸ்டர் எங்க நின்னாரோ"ன்னாரு.

இப்ப நோட்டுல 11.2ன்னு எழுதிட்டேன், 30 மீட்டர் தான் ஓடிட்டிருக்கேன், எல்லாரும் ஏண்டா உக்காந்தே இருக்கன்னு கேக்குறாங்க. அந்த மரை போன ஓட்டைய என்ன பண்றது, ரிப்பேர் பண்ண முடியுமா, இல்ல ஷூவே வேற தான் வாங்கணுமா?

பழையஸ்பைக்ஸ்:

உன் சைஸ் என்ன? என்கிட்ட 9 நம்பர் ஒண்ணு சும்மா கிடக்கு.