சிவிட்டா தி பான்யோரெஜியோ: பாலம் தாண்டி உள்ளே போகலாமா?

கேள்வி: மலைப்பாதை
மே மாதம் அம்மாவுடன் ரோம் போகிறேன். ஒரு நாளாவது நகரத்தை விட்டு வெளியே போக ஆசை, பாறை உச்சியில் தனியாக நிற்கும் சிவிட்டா என்ற பழைய ஊரின் படத்தைப் பார்த்ததிலிருந்து வேறு ஊர் எதுவும் மனசில் நிற்கவில்லை. ஆனால் உள்ளே பார்க்க என்ன இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம்தான் கஷ்டம். கார் எடுக்கவில்லை.

பதில்: ரயில்பிரியன்
ஒர்வியேத்தோ வரை ரயில், அப்புறம் கோட்ரல் நிறுவனத்தின் பஸ்ஸில் பான்யோரெஜியோ, அதாவது சிவிட்டாவுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து ஊர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். இறங்குகிற இடத்திலிருந்து பாலத்துக்கே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நடக்கணும். பாலம் சுமார் 300 மீட்டர், நிழலே கிடையாது, கடைசிப் பகுதி நல்ல செங்குத்து. அம்மாவை நிறுத்தி நிறுத்திக் கூட்டிப் போங்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு, 2013-இல் ஆரம்பித்தார்கள்.

பதில்: கேமராக்கண்
எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாலே போதும். உள்ளே பத்து நிமிஷத்தில் சுற்றி முடிந்துவிடும்.

பதில்: கல்வெட்டு
பத்து நிமிஷத்தில் முடியும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நுழைகிற வாசலே, ரோமர்களுக்கு முன்பு இந்தப் பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் பாறையைக் குடைந்து போட்ட வழி. நிமிர்ந்து பாருங்கள், மனிதத் தலையைக் கால்களுக்குள் பிடித்திருக்கும் இரண்டு சிங்கங்கள் இருக்கும். உள்ளே போனதும் ஒரு பழைய மாளிகையின் முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது, ஜன்னல் வழியாக வானம் தெரியும், பின்னால் இருந்த வீடு பள்ளத்தாக்கில் சரிந்து போய்விட்டது. மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, அடியில் களிமண். மழையும் ஓடைகளும் களிமண்ணை அரிக்க அரிக்க மேலே உள்ள பாறை துண்டு துண்டாக உடைந்து விழுகிறது, 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கே இருந்த கத்தோலிக்க ஆயரும் பான்யோரெஜியோவுக்கு மாறிவிட்டார். இங்கே பிறந்த புனித பொனவெந்துராவின் வீடும் அப்படித்தான் போனது. இதையெல்லாம் விளக்குவதற்கென்றே ஊருக்குள் நிலவியல், நிலச்சரிவு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், தவறவிடாதீர்கள்.

சான் தொனாத்தோ தேவாலயத்தில் மரச் சிலுவை ஒன்று உண்டு, புனித வெள்ளியன்று ஊர்வலமாகப் பான்யோரெஜியோவுக்குத் தூக்கிப் போகிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், இருந்தும் அந்த வழக்கத்தை விடவில்லை. எனக்கு இந்த ஊர்மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

கேள்வி: மலைப்பாதை
ரொம்ப நன்றி. கழுதைப் பந்தயம் நடக்குமாமே, மே மாதத்தில் பார்க்க முடியுமா?

பதில்: கல்வெட்டு
முடியாது, அது ஜூனிலும் செப்டம்பரிலும்தான். தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தைச் சுற்றி ஓட்டுவார்கள். தேதியை மாற்ற முடிந்தால் ஜூனுக்குத் தள்ளிப் போடுங்கள், ஆனால் வெயிலும் கூட்டமும் அதிகம். அம்மாவை நினைத்தால் மே மாதக் காலை நேரம்தான் நல்லது.