படம் வரைவதற்கான இருட்டுப் பெட்டி: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

கேமரா அப்ஸ்கூராவை, அதாவது வெளிக்காட்சியைத் துளை வழியே உள்ளே பிம்பமாக விழவைக்கும் இருட்டுப் பெட்டியை, வீட்டிலேயே செய்து, அதில் விழும் பிம்பத்தை வைத்துப் படம் வரைந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பலரும் ஊசித்துளைப் பெட்டியைத்தான் முதலில் செய்கிறார்கள். ஒளி நேர்கோட்டில் செல்வதால் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று காட்டுவதற்கு அது போதும். வரைவதற்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. பெட்டியின் நீளம் 30 செ.மீ. என்றால், பிம்பம் தெளிவாக விழத் துளையின் விட்டம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கலாம். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், பிம்பம் கலங்கிவிடும். அதே இடத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள பூதக்கண்ணாடியைப் பொருத்தினால் உள்ளே வரும் ஒளி 4,000 மடங்குக்கு மேல் கூடுகிறது, பிம்பமும் கூர்மையாகவே நிற்கிறது. 1568-இல் வெனிஸைச் சேர்ந்த அறிஞர் டேனியல் பார்பரோ, முதியவர்களின் மூக்குக்கண்ணாடியில் உள்ள குவிந்த வில்லையைத் துளையில் வைக்கச் சொன்னதன் பயனை, வில்லையைப் பொருத்திய அந்த நொடியிலேயே நாம் கண்ணால் கண்டுவிடலாம்.

பெட்டியை வெட்டுவதற்கு முன்பே வில்லையின் குவியத் தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்கு எதிர்ச் சுவரருகே வில்லையைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் வெளியே உள்ள மரமோ கட்டடமோ சுவரில் தெளிவாக விழும். வில்லைக்கும் சுவருக்கும் அப்போது உள்ள இடைவெளிதான் குவியத் தூரம். வாசிப்புக் கண்ணாடியின் வில்லை என்றால் பவரை வைத்தே சொல்லிவிடலாம்: +4 என்றால் 25 செ.மீ., +3 என்றால் 33 செ.மீ.

என்னுடையது 25 செ.மீ. வில்லைக்காகச் செய்தது. ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு அட்டைப் பெட்டிகள்; முன்பெட்டியில் வில்லை, பின்பெட்டிக்குள் 45 பாகை சாய்வில் முகம் பார்க்கும் ஆடி, அதற்கு நேர் மேலே வெட்டிய திறப்பில் கண்ணாடித் தகடு, அதன்மேல் டிரேசிங் தாள். 1685-இல் ஜெர்மானியத் துறவி யோகான் சான் வரைந்து காட்டிய கைப்பெட்டியின் அடிப்படையும் இதுவே. தொலைவில் உள்ள காட்சிக்கு, வில்லையிலிருந்து ஆடி வழியாகத் தாள் வரை மொத்தம் 25 செ.மீ. வர வேண்டும், 1 மீட்டர் தள்ளி வைத்த பூச்சாடிக்கு அது 33 செ.மீ. ஆக நீளும். அந்த 8 செ.மீ. நகர்வுக்கு இடம் விடாமல் செய்யப்பட்ட பெட்டி, சன்னலுக்கு வெளியே உள்ளதை மட்டுமே காட்டும்.

உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு பூசப்பட வேண்டும். தலையையும் பெட்டியின் மேற்புறத்தையும் சேர்த்து மூடக் கனமான கறுப்புத் துணி வேண்டும். துணிக்குள் நுழைந்தவுடன் மங்கலாகத் தெரிவது கண் பழகப் பழக வெளிச்சம் பெறுகிறது. பின்பெட்டியை மெல்ல இழுக்கும்போது முதலில் கிளைகளின் ஓரங்கள் திரண்டு வருகின்றன, பிறகு தனித்தனி இலைகள், அதன் பின் அவை காற்றில் அசைவது. தாளின் மேல் மரம் அசைவதைப் பார்க்கையில் பென்சிலை எடுக்கவே மறந்துபோகிறது.

எடுத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கோடும் நிழலும் ஒரே சாம்பல் நிறத்தில் இருப்பதால், பிம்பத்தின் கரும்பகுதிக்குள் போட்ட கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே ஒவ்வொரு உருவத்தின் விளிம்பையும் அதன் வெளிச்சமான பக்கத்தை ஒட்டியே வரைகிறேன். 2பி பென்சில் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. முதலில் தூண்களும் கூரையும் சந்திக்கும் முனைகள் போன்ற சில இடங்களைப் புள்ளியிட்டுக்கொண்டு, அவ்வப்போது துணியை விலக்கி, தாளில் உள்ளதை மட்டும் பார்க்கிறேன். பெட்டி அளவுகளைத் தருகிறது. எதை வரைவது, எதை விடுவது என்பதை அது சொல்வதில்லை.

மறுமொழி

பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதோடு, பலருக்கும் குழப்பம் தரும் இடவலப் புரட்டையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் அமைப்பில் பிம்பம் நிமிர்ந்து தெரியும், ஆனால் இடமும் வலமும் மாறியிருக்கும். டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து படியெடுத்தால் சரியாகிவிடும். ஆடியே இல்லாமல் பெட்டியின் பின்புறத்தில் தாளை ஒட்டி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பிம்பம் முழுமையாக 180 பாகை சுழன்றிருக்கிறது, அவ்வளவுதான். வரைந்து முடித்ததும் தாளைத் தலைகீழாகச் சுற்றினால் எல்லாம் இடத்துக்கு வந்துவிடுகின்றன.

நான் விரும்புவது மூன்றாவது வகை. மேசையைச் சுற்றித் துணிக்கூடாரம் அமைத்து, அதன் உச்சியில் ஆடியையும் அதற்குக் கீழே வில்லையையும் பொருத்தினால், பிம்பம் மேசைமேல் உள்ள வெள்ளைத் தாளில் விழுகிறது. காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அது நிமிர்ந்தும் இடவலம் மாறாமலும் தெரிகிறது. 1620-இல் வானியலாளர் கெப்ளர் தம் கூடாரத்துக்குள் அமர்ந்து நிலக்காட்சியை வரைந்ததைப் பற்றி ஆங்கிலேயத் தூதர் ஹென்றி வாட்டன் எழுதிய கடிதம் இருக்கிறது. தடித்த ஓவியத் தாளையே பயன்படுத்தலாம் என்பதால், கூடாரத்துக்குள்ளேயே நீர்வண்ணத்தின் முதல் பூச்சைக் கொடுக்க முடிகிறது. தாளை நோக்கிக் குனியும்போது தலையின் நிழல் பிம்பத்தை மறைக்கும் என்பதால் சற்றுப் பக்கவாட்டில் அமர வேண்டியிருக்கிறது.

ஆடியைப் பற்றி இன்னொன்று. சாதாரண ஆடியில் பூச்சு பின்புறத்தில் இருப்பதால், முன்புறக் கண்ணாடிப் பரப்பும் சிறிது ஒளியைத் திருப்பி, கூர்மையான விளிம்புகளுக்கு அருகே மெல்லிய இரட்டைக் கோட்டை உண்டாக்குகிறது. பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரின் தலைப்பகுதியில் உள்ள ஆடியில் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது. கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம், பூச்சு கீறிவிடும்.

மறுமொழி

பிம்பம் நடுவில் தெளிவாகவும் ஓரங்களில் கலங்கியும் தெரிவது ஒற்றை வில்லையின் இயல்பு. கறுப்பு அட்டையில் 2 செ.மீ. வட்டத் துளை வெட்டி 5 செ.மீ. வில்லையின் முன் வைத்தால் ஒளி ஆறில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் ஓரங்கள் தேறும். வாசிப்புக் கண்ணாடியின் வில்லையை வைத்திருப்பவர்கள் அதன் குழிந்த பக்கத்தை வெளியே பார்த்தவாறு வைத்து, அட்டையை அதற்குச் சற்று முன்னால் தள்ளிப் பொருத்திப் பாருங்கள். 1812-இல் ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் கண்டறிந்த அமைப்பு அது. என் பெட்டியில் தாளின் மூலைகளில் உள்ள சன்னல் கம்பிகளைக்கூட இப்போது எண்ண முடிகிறது.

காலை வெயிலில் வரைபவர்கள் நிழல்களின் எல்லையை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கட்டடத்தை முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நிழல் வேறு சன்னலுக்கு நகர்ந்திருக்கும். பெட்டியைச் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். வேலை முடிந்ததும் வில்லையைத் துணியால் மூடியே வையுங்கள்; வெயில் நேராக அதில் விழுந்தால் உள்ளே உள்ள அட்டை கருகத் தொடங்கிவிடும்.