மகள் ஓயாம பல்டி அடிக்கிறா. ஜிம்னாஸ்டிக்ஸ்ல விட்டா பின்னாடி பொழைப்புக்கு ஆகுமா?

செம்பனைக்காட்டு அம்மா (சுங்கை சிப்புட்):
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயசு, தமிழ்ப்பள்ளியில ரெண்டாம் ஆண்டு. வீட்டு முன்னாடி சிமெண்டுத் தரையில கைய ஊனி சக்கரம் அடிக்கிறா, சோபா மேலேருந்து பல்டி. எல்லாம் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டது. டீச்சர், ஈப்போவுல சேர்த்து விடுங்கன்றாங்க. மாமியார், பொம்பளப் புள்ள கை கால் ஒடிஞ்சா என்ன பண்றதுன்றாங்க. வீட்டுக்காரர் கணக்கே வேற: "இருபது வயசுல முடிஞ்சிடுற விளையாட்டுக்கு ஏன் இத்தனை வருஷம் பெட்ரோல் ஊத்தணும்?" விளையாடி, அப்புறம் கோச் ஆனவங்க இங்க இருந்தா சொல்லுங்க, அதுக்கப்புறம் வாழ்க்கை எப்படி ஓடுச்சு?

பழைய லயத்தான்:
பேட்மிண்டன்ல விடுங்கம்மா. தாமான்லயே, அதான் குடியிருப்புப் பக்கத்துலயே, கோர்ட் இருக்கு, ராக்கெட் ஒண்ணு போதும். ஜிம்னாஸ்டிக்ஸ்ல மலேசியாவுலேருந்து யாரு ஒலிம்பிக் போனா?

பீம் அக்கா:
லயத்தாரே, நம்ம மலேசிய ஜிம்னாஸ்ட் ஃபாரா ஆன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனாங்களே. 2015 சிங்கப்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுல 6 பதக்கம் வேற. பேட்மிண்டன் நல்ல விளையாட்டுதான், ஆனா இந்தப் புள்ள சோபா மேலேருந்து குதிக்குதே, அதுக்கு ராக்கெட் கொடுத்து என்ன பண்ண?

தங்கச்சி, நானும் உங்க ஊர்ப் பக்கம் தோட்டத்துப் புள்ளதான். அப்பா பால்மரம் சீவினவரு. பஸ் ஏறி ஈப்போ போய்க் கத்துக்கிட்டேன், மாநிலத்துக்கு எம்எஸ்எஸ்எம், அதான் தேசிய அளவு பள்ளி விளையாட்டுப் போட்டி, விளையாடினேன். எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடியறப்போ கணுக்கால் ஒத்துழைக்கல, நிறுத்திட்டேன். கொஞ்ச காலம் பேக்டரி. சனி ஞாயிறு சும்மா இருக்க முடியாம கிளப்புல சின்னப் புள்ளைங்களப் பிடிக்கப் போனேன். அங்கேயே ஒட்டிக்கிட்டேன்.

பிடிக்கிறதுன்னா ஸ்பாட்டிங். புள்ள பின்பக்கமா கைய ஊனித் தாவறப்போ என் ஒரு கை அவ இடுப்புக்குக் கீழ, இன்னொண்ணு தொடைக்குப் பின்னாடி. தூக்கக் கூடாது. அவ போற வேகத்தோடயே கையும் போகணும். பயந்த புள்ள பாதியில உடம்ப விட்டுடும், அந்தப் பாரம் மணிக்கட்டுக்கு வர்றதுக்குள்ள நான் தெரிஞ்சிக்கணும். இது படிச்சு வராது, நானே விழுந்து எழுந்ததால வந்தது. ஆனா விளையாடினா மட்டும் கோச் ஆகிட முடியாது. லைசென்ஸுக்கு விளையாட்டு அறிவியல் தனி, ஜிம்னாஸ்டிக்ஸ் தனி, நிலை நிலையா எடுக்கணும். தசை பேரு, எலும்பு பேரு மனப்பாடம் பண்ணப்போ பள்ளிக்கூடத்துல இவ்ளோ படிச்சிருந்தா டாக்டரே ஆகியிருப்பேன்னு அம்மா கிண்டல் பண்ணாங்க.

வருமானம்? மணிக்கணக்குச் சம்பளம். பள்ளி விடுமுறையில கை நிறைய, நோன்பு மாசத்துல காத்தாடும். ஒரு இடத்துல மூணு மாசம் காசு வராம அலைய விட்டாங்க. அதனால பகல்ல பாலர் பள்ளி வேலையும் பார்க்கிறேன். பெரிய பணம்னு நெனச்சு யாரும் வராதீங்க.

உங்க வீட்டுக்காரருக்கு: உஸ்பெகிஸ்தான் ஜிம்னாஸ்ட் சுசோவிட்டினா டோக்கியோ ஒலிம்பிக்ல 46 வயசுல வால்ட் (ஓடி வந்து மேசை மேல கைய ஊனித் தாவறது) அடிச்சாங்க. அது எல்லாருக்கும் நடக்காதுதான். அதுக்காக அவசரப்படவும் வேணாம். ஒலிம்பிக்ல பொண்ணுங்களுக்கு 16 வயசு ஆகணும், உங்க மகளுக்கு அதுல பாதிதான் ஆகுது.

கோச்சுன்னா எனக்கு இந்தியாவுல, திரிபுராவுல இருக்கிற பிஷ்வேஷ்வர் நந்திதான். அவரும் முன்னாள் ஜிம்னாஸ்ட். அவர் மனைவி சோமா நந்திதான் இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தாங்க, அப்புறம் இவரு. தீபாவுக்குத் தட்டைப் பாதம். குதிச்சு இறங்கறவங்களுக்கு அது பெரிய இடைஞ்சல். அந்தக் காலை வச்சு ப்ரொடுனோவான்ற கஷ்டமான தாவல அடிக்க வச்சாரு: வால்ட்டுல கைய ஊனி எகிறி, காத்துல முன்பக்கமா ரெண்டு கரணம், அப்புறம் தரை. தலை எங்க இறங்கும்னு நெனச்சாலே எனக்கு வயித்தக் கலக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்ல தீபாவுக்கு 15.066 புள்ளி, நாலாவது இடம். வெண்கலம் 0.15 புள்ளியில போச்சு. அதே வருஷம் நந்திக்கு, இந்தியாவுல கோச்சுங்களுக்குத் தர்ற துரோணாச்சாரியார் விருது கிடைச்சது.

சோபா பல்டிய இன்னைக்கே நிறுத்துங்க. அதுக்குப் பதிலா வாசப்படியிலேருந்து குதிச்சு இறங்கச் சொல்லுங்க. முட்டி மடங்கணும், ஆனா ரெண்டு முட்டியும் உள்பக்கம் ஒட்டிக்கக் கூடாது, நெஞ்சு நிமிர்ந்து நிக்கணும். அப்புறம் சாக்பீஸ்ல 10 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டு நடக்க விடுங்க. பீம்னா புள்ளைங்க மேல நடந்து ஆடற நீளக் கட்டை, அதோட அகலம் அவ்வளவுதான். அசல் பீம் தரையிலேருந்து 125 சென்டிமீட்டர் உயரம், அது பிற்பாடு.

செம்பனைக்காட்டு அம்மா:
நன்றிக்கா, வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல. மாமியாருக்குத்தான் இன்னொரு கவலை, அந்தத் தொடை தெரியற உடுப்பு. கிம்ராமாவுல, அதான் இசைக்கு ஆடற ஜிம்னாஸ்டிக்ஸ்ல, விடலாமா?

பீம் அக்கா:
கிம்ராமாவும் நல்லதுதான். ஆனா அதுல ரிப்பன், வளையம், பந்துன்னு வேற வித்தை, பல்டி ஆசை அதுல தீராது. உடுப்புக்குப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க. டோக்கியோவுல ஜெர்மன் பொண்ணுங்க கணுக்கால் வரைக்கும் மூடினதப் போட்டுத்தான் ஆடினாங்க, விதி தடுக்கல. பயிற்சிக்கு இறுக்கமான டி-சட்டை, லெகிங்ஸ் போதும்.

சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு வகுப்பு முழுக்க உக்காந்து பாருங்க. முதல் நாளே பின்பல்டி அடிக்க வைக்கிற கோச்சா இருந்தா புள்ளையக் கூட்டிட்டு வந்துடுங்க. அப்புறம் கொலுசு, வளையல், தோடு எல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வரச் சொல்லுங்க. வாரா வாரம் மெத்தைக்கடியில தோடு தேடறதே எனக்குப் பெரிய வேலையா இருக்கு.